பதிமூன்றாம் வளைவு

கண்ணாடி வேன்காரர் வீட்டில் அந்த வாரச் சண்டை ஒரு கத்தியில் ஆரம்பித்தது. யாரும் யாரையும் குத்தப் போகவில்லை. கத்தியைக் காணோம், அவ்வளவுதான்.

ரொட்டியக்கா அலமாரித் தட்டுகளைத் தடவினாள். பாத்திரம் கவிழ்க்கும் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பலகையில் நாலு வெங்காயம் உரித்தபடி கிடந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

"கத்தி எங்க?"

"நான் நறுக்கித் தர்றேன்," என்றார் வேன்காரர்.

"அதைக் கேக்கல. கத்தி எங்கன்னு கேட்டேன்."

"பத்திரமா இருக்கு."

"ஏன், கத்திக்கு அடிபட்டுடுமா?"

வேன்காரர் எங்கிருந்தோ கத்தியை எடுத்துவந்தார். வெங்காயத்தை அவரே நறுக்கினார். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருந்தன. அவர் கை வேலை அப்படி.

மனுஷர் தங்கமானவர், அதில் சந்தேகமே வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாக ஆளுயரக் கண்ணாடிகளை வேனில் நிறுத்திக் கட்டி, ஊர் முழுக்க ஏற்றி இறக்குகிறார். இதுவரை ஒரு கீறல் கிடையாது. வேகத்தடையில் அவர் வேன் ஏறி இறங்கினால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. கண்ணாடிக் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களை முதல் நாள் அவரோடுதான் அனுப்புவார்கள். அந்தக் கவனம் அத்தனையும் இரண்டு வருஷமாகப் பெண்டாட்டி மேல் திரும்பியிருந்தது. சிக்கலே அதுதான்.

ரொட்டியக்காவுக்கு விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுவிட்டது. முதலில் அந்தி மங்கலில் தடுமாறினாள். அப்புறம் பேருந்து எண் தெரியவில்லை. பிறகு முகங்கள் போயின. இப்போது ஜன்னல் எது, சுவர் எது என்கிற அளவுக்கு வெளிச்சம் மட்டும் மிச்சம். ரொட்டிக் கடையில் பத்தொன்பது வருஷம் அடுப்பு அவள் பொறுப்பில் இருந்தது. மாவுக்கட்டிகளை நீளமான மரத்துடுப்பில் வைத்து உள்ளே தள்ளுவது, இடம் மாற்றுவது, வெளியே இழுப்பது எல்லாம் அவள்தான். பாதி நேரம் வாசனையை வைத்தே இழுப்பாள். ஆனாலும் கண் போய்விட்டது என்று தெரிந்ததும் முதலாளி பதறிப்போய் அவளை மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை கொடுத்தார். காலையிலிருந்து பெட்டியாக மடித்துவிட்டு, மத்தியானம் மூக்கு நுனியில் கோபத்தோடு வீட்டுக்கு வருவாள்.

வீட்டில் வேன்காரர் காத்துக்கொண்டிருப்பார். மேசை முனைகளில் ரப்பர் ஒட்டியது அவர்தான். அடுப்பு அவள் கைக்கு எட்டாத மேடைக்குப் போய்விட்டது. மாடிப்படி ஏறும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் "படி" என்பார். பதினாலு படிக்கு பதினாலு தடவை.

"இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. ஒரு படியாவது கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல."

"அப்ப எனக்கு எதுக்கு ஏலம் போடறீங்க?"

கீழ்த்தளத்தில் நாத்தனார் இருந்தாள். வேன்காரரின் அக்கா. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எதையும் தாளில் எழுதிப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. கத்திச் சண்டை நடந்த அன்று சாயங்காலம் ஒரு தாளோடு மேலே வந்தாள்.

"உடல்நிலை காரணமா வேலையிலேருந்து நின்னுக்கறேன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடற இடத்துல உன் விரலை வைக்கிறேன். ஒரு கோடு இழுத்துடு போதும்," என்றாள்.

"அண்ணி, எனக்கு உடம்புக்கு என்ன? கண்ணுதானே தெரியல?"

"கண்ணு உடம்புல இல்லாம ஊர்லயா இருக்கு? தெருவத் தாண்டிப் போறே, வர்றே. நீ வந்து சேர்ற வரைக்கும் இவன் வாசல்ல நின்னு கையைப் பிசையறான். இவனைப் பாத்தா எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுது. மூணு பேருக்கும் ஏன் சிரமம்?"

வேன்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் ரொட்டியக்காவுக்கு வலித்தது. தாளைத் தடவிப் பார்த்து மடித்து மேசையில் வைத்தாள்.

"சரி, போடறேன். ஆனா ஒரு பேச்சு. அடுத்த மாசம் நாங்க கணவாய் ஏறப் போறோம். உச்சி வரைக்கும் என் காலால மிதிச்சு ஏறிட்டேன்னா, இந்தக் கடுதாசி கிடையாது. கத்தி என் கைக்கு வரணும். யாரும் என் முழங்கையைப் பிடிக்கக் கூடாது. அடுப்பைத் திருப்பிக் குடுங்கன்னு முதலாளிகிட்ட நானே போய்க் கேப்பேன். முடியாம நடுவுல இறங்கித் தள்ளினேன்னா, நீங்க காட்டற நாற்காலியில உக்காந்துக்கறேன். வாயே திறக்க மாட்டேன்."

"நீ வாய் திறக்க மாட்டியா?" நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினாள். "அதுக்காகவாவது இவ தோக்கணும்டா."

ரொட்டியக்காவே சிரித்துவிட்டாள். ஆனால் பேச்சு பேச்சுதான். மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

நாங்கள் என்று அவள் சொன்னது நாலு பேரை. தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர், தபால்காரி, கணக்கு வாத்தியார், இவள். பதினாலு வருஷமாகச் சேர்ந்து சைக்கிளில் மலை ஏறுகிறார்கள். இதுவரை பதினொரு கணவாய். பைத்தியம் என்று தெருவில் சொல்லாத ஆளில்லை. நாலு பேருக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

கூட்டத்துக்குச் சட்டங்கள் உண்டு. வாத்தியார் இருக்கிற இடத்தில் சட்டம் இல்லாமல் இருக்குமா? மெதுவாக ஏறுபவர்தான் முன்னால் போக வேண்டும், யாரும் அவரைத் தாண்டக் கூடாது. அது முதலாவது. ஒவ்வொரு வளைவிலும் நட்டிருக்கும் எண் கல்லருகே நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மூச்சு வாங்கலாம், ஆனால் இறங்கித் தள்ளினால் ஏறியதாக ஆகாது. தள்ளியவர் கடைசியாக மிதித்து வந்த கல்லுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி ஏற வேண்டும். ஒரு தடவை வாத்தியாரே நாலு முறை திரும்பிப் போய் வந்து, ஐந்தாம் முறை அழுதுகொண்டே ஏறினார். சட்டத்தை மட்டும் மாற்றவில்லை.

அக்காவுக்குக் கண் போன பிறகு இந்த வருஷம்தான் வெல்டர் இரண்டு சைக்கிளை அறுத்து ஒன்றாகப் பற்றவைத்து இரட்டை வண்டி செய்தான். முன் சீட்டில் அவன், பின் சீட்டில் அக்கா. இரண்டு பேர் பெடலையும் தாங்கும் கிராங்கையும் ஒரே செயின் இணைத்தது. அவன் கால் சுற்றினால் அவள் கால் சுற்றும், அவன் நிறுத்தினால் அவளுடையதும் நிற்கும். மூன்று மாதம் ஊருக்கு வெளியே குன்றுச் சாலையில் பழகினார்கள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் முகம் முகமாக இருந்தது.

கணவாய்க்குப் போக மூன்று நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் வேன்காரர் பட்டறைக்குள் வந்து நின்றார். வெல்டர் முகமூடியைத் தூக்கினான்.

"வாங்க மாமா. என்ன இந்நேரத்துல?"

"மாப்ள, அவ தோத்துடக் கூடாது."

"அக்காவா? தோக்க மாட்டாங்க."

"நீ அவளைச் சைக்கிள்ல பாக்கறே. நான் வீட்டுல பாக்கறேன். குன்று ஏறிட்டு வந்த அன்னிக்கெல்லாம் முழங்கால் வீங்கிப் போகுது. ஈரத்துணி சுத்திக்கிட்டுப் படுக்கறா. கேட்டா ஒண்ணுமில்லங்கறா. இது குன்று இல்ல, கணவாய். இருபத்தியோரு வளைவு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவ மிதிக்காட்டியும் வண்டி போற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா? அவளுக்குத் தெரியாம?"

வெல்டர் முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவனிடம் 'முடியுமா' என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. கை அரிக்க ஆரம்பித்துவிடும்.

"ஃப்ரீவீல் போடலாம்," என்றான் மெல்ல. "பின்சக்கரத்துல இருக்கே, அது மாதிரி. அக்கா கிராங்குல ஒண்ணு பொருத்திட்டா, அவங்க மிதிச்சா செயின் பிடிக்கும், விட்டா சும்மா விட்டுடும். நான் மட்டும் மிதிச்சாலே வண்டி போகும். ஆனா கிர்ருனு சத்தம் வருமே மாமா. அக்கா காது பாம்புக்காது."

"ஏதாவது பண்ணு."

வெல்டர் பண்ணினான். ஃப்ரீவீலைப் பிரித்து, கெட்டி கிரீஸை அப்பு அப்பென்று அப்பி, சத்தத்தை அமுக்கிவிட்டான். சுற்றிப் பார்த்தால் மூச்சு விடும் சத்தம்கூட வரவில்லை. சாமர்த்தியமான வேலைதான். வேலை முடிந்ததும் அவனுக்கு மனசு சரியில்லை. கழற்றிய பழைய பல்சக்கரத்தைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றிக் கருவிப் பெட்டியின் அடியில் வைத்தான்.

கணவாய் ஏறும் நாளன்று விடியும்போது மலையடிவாரத்தில், முதல் கல்லருகே வேன் நின்றது. வேன்காரர் சைக்கிள்களைக் கண்ணாடி இறக்குகிற பதனத்தோடு ஒவ்வொன்றாக இறக்கினார். தபால்காரி வெந்த உருளைக்கிழங்குகளைச் சூடாகவே ஆளுக்கு நாலு கொடுத்தாள். மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் முதலில் கைக்குச் சூடு, அப்புறம் வயிற்றுக்குச் சாப்பாடு.

மெதுவான வண்டி இரட்டை வண்டிதான். அது முன்னால் போயிற்று. பின்னால் தபால்காரி, வாத்தியார், அவர்களுக்கும் பின்னால் முதல் கியரில் உறுமியபடி வேன்.

ரொட்டியக்கா வளைவுகளைக் கன்னத்தால் எண்ணினாள். வெயில் வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாறினால் ஒரு வளைவு, மறுபடி வலதுக்கு வந்தால் இன்னொன்று. கீழே எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடியது. மேலேயிருந்து இறங்கும் லாரிகள் கருகிய பிரேக் வாசனையை விட்டுப் போயின. ஆறாம் வளைவில் உருகிய பனித்தண்ணீர் சாலையைக் கடந்து ஓடி அவள் கணுக்காலில் தெறித்தது. குளிரில் கத்தினாள். அந்தக் கத்தல் சந்தோஷத்தில்.

"ஏய் தபாலு! இன்னிக்கு என் காலைப் பாத்தியா? பஞ்சு மாதிரி வருதுடி!"

"பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். என்னடி சாப்பிட்டே?"

"கோபத்தைத்தான்!"

பின்னாலிருந்து வாத்தியார் சிரித்தார். முன்னால் வெல்டர் சிரிக்கவில்லை. வியர்வை அவன் புருவத்திலிருந்து ஹேண்டில்பாரில் சொட்டியது. ஒன்பதாம் கல்லில் மூச்சு வாங்க நின்றபோது, "என்னடா தம்பி, இப்பவே இப்படி இரைக்கிறே? வயசாயிடுச்சா?" என்று அவன் முதுகில் தட்டினாள். அவன் "ஆமாக்கா" என்றான்.

பதிமூன்றாம் வளைவில் அவளுக்கு ஒரு தும்மல் வந்தது. பெரிய தும்மல். உடம்பே குலுங்கி, கால் அப்படியே நின்றுவிட்டது.

பெடலும் நின்றது. வண்டி நிற்கவில்லை.

மூன்று மாதப் பழக்கத்தில் அது நடந்ததே கிடையாது. அவள் அசந்தாலும் செயின் அவள் காலை இழுத்துக்கொண்டு போகும். இப்போது கால் பெடல் மேல் சும்மா இருந்தது, கன்னத்தில் காற்று பட்டுக்கொண்டிருந்தது, டயருக்கடியில் சரளை நொறுங்கிக்கொண்டிருந்தது. அவள் மனசுக்குள் பத்து வரை எண்ணினாள். மறுபடி மிதித்தாள். பெடல் பிடித்தது. நிறுத்தினாள். வண்டி போயிற்று.

"நிறுத்துடா," என்றாள்.

வெல்டர் நிறுத்தினான். அவள் இறங்கி, குனிந்து, தன் கிராங்கைத் தடவினாள். விரலில் கிரீஸ் அப்பியது. மோந்து பார்த்தாள்.

"யாரு சொல்லிச் செஞ்சே?"

வெல்டர் தரையைப் பார்த்தான். தபால்காரிக்கும் வாத்தியாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வேன் நின்றது, கதவு திறந்தது.

"நான்தான் சொன்னேன்," என்றார் வேன்காரர். "அவனைத் திட்டாதே."

"நான் தோக்கணும்னா?"

"நீ ஜெயிக்கணும்னுதான்! கையெழுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம், நீ சிரிச்சுக்கிட்டு மேல போய்ச் சேரணும்னுதான் செஞ்சேன். உன் முழங்கால் வீக்கத்தைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல."

"பதிமூணு வளைவு," என்றாள். "கால் பஞ்சு மாதிரி வருதுன்னு மலை பூரா கேக்கற மாதிரி கத்தினேனே. அத்தனை பேரு முன்னாடி. நீங்க வேன்ல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே வந்தீங்க? எப்படி இருந்துச்சு உங்களுக்கு?"

வேன்காரர் அவள் விரலிலிருந்த கிரீஸைத் துண்டால் துடைக்க வந்தார்.

"நான் கண்ணாடி இல்லங்க. கட்டி ஏத்தி, உடையாம இறக்கிவைக்க. எனக்கு வலிச்சா வலிக்கட்டுமே. அந்த வலியாவது என்னுதா இருக்க வேணாமா? கண்ணு போச்சு, அதை யாரும் கேட்டு எடுத்துக்கல. மத்ததையெல்லாம் நீங்கதானே ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டீங்க? அடுப்பு, கத்தி, படி. இப்ப காலு!"

"அக்கா, தப்பு என் மேலதான்," என்றான் வெல்டர்.

"உனக்குத் தனியா இருக்கு. பேசாதே."

பிறகு அவள் வாத்தியார் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்து, "சார், சட்டம் சொல்லுங்க," என்றாள்.

"என்ன சட்டம்மா?"

"தள்ளிக்கிட்டு ஏறினவங்க எங்கேருந்து ஏறணும்?"

வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. தொண்டையைச் செருமினார். "நீ தள்ளலையேம்மா. நீயும் மிதிச்சிருக்கே. எவ்வளவுன்னு தெரியாது, ஆனா..."

"தெரியாதுல்ல? அப்ப கணக்குல வராது. கடைசியா நானே மிதிச்சேன்னு நிச்சயமாத் தெரிஞ்ச கல்லு எது?"

"அடிவாரம்," என்றார் வாத்தியார்.

"வண்டியைத் திருப்புடா."

"அடிப்பாவி!" என்றாள் தபால்காரி. "மத்தியானத்துக்கு மேல உச்சியில காத்து ஏறிடும். மேகத்தைப் பாரு... சரி, நான் பாத்துச் சொல்றேன், கருகருன்னு வருது. பாதிக்கு மேல வந்தாச்சு. இங்கேருந்து ஒழுங்கா மிதிச்சா போதாதா?"

"உனக்குப் போதும்னா நீ மேல போ. நான் கோச்சுக்க மாட்டேன்."

பதினாலு வருஷமாக யாரும் யாரையும் தாண்டிப் போனதில்லை. தபால்காரி சைக்கிளைத் திருப்பும் சத்தம் கேட்டது.

முதல் கல்லருகே மறுபடி வந்து நின்றபோது பத்தரை மணி. வேன்காரர் அவள் முன்னால் வந்தார். கையில் நாத்தனாரின் தாள் இருந்தது.

"இதைக் கிழிச்சுடறேன். கத்தி மாடியில பெரிய பெட்டிக்குள்ள இருக்கு, எடுத்துத் தந்துடறேன். நீ அடுப்புக்குப் போ. நான் குறுக்க வர மாட்டேன். வா, வீட்டுக்குப் போயிடலாம்."

"வேணாம்."

"அதானே உனக்கு வேணும்?"

"நீங்க குடுத்து நான் வாங்கிக்கறதா இருந்தா, நாளைக்கே பயந்துக்கிட்டுத் திருப்பிக் கேப்பீங்க. கிழிக்காதீங்க. வச்சுக்கிட்டே பின்னால வாங்க."

வெல்டர் துணியைப் பிரித்துப் பழைய பல்சக்கரத்தை எடுத்தான். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஃப்ரீவீலைக் கழற்றியதும் அவள்தான், இதைப் பொருத்தியதும் அவள்தான். வெல்டர் எந்தச் சாவி என்று மட்டும் சொன்னான். ஒருமுறை சாவி நழுவி விரல் முட்டி உரிந்தது. வேன்காரர் ஓர் அடி எடுத்து வைத்தார். தபால்காரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

செயினை மாட்டப் போகும்போது ரொட்டியக்கா நிறுத்தினாள்.

"தம்பி, முன்னாடி ரெண்டு பேர் காலும் ஒரே மாதிரி சுத்துச்சுல்ல? இப்ப அப்படி வேணாம். கால்வாசிச் சுத்து தள்ளி மாட்டு. உன் காலு நெட்டுக்குத்தா நிக்கிறப்ப என் காலு படுக்கையா இருக்கணும்."

வெல்டர் யோசித்தான். பெடல் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக நெட்டுக்குத்தாக நிற்கும் இடத்தில் மிதிப்புக்கு வலு கிடையாது. அந்த நேரத்தில் மற்றவர் அழுத்தினால்தான் வண்டி நகரும். இருவரில் ஒருவர் ஏமாற்றினால் ஏற்றத்தில் வண்டி வெட்டி வெட்டி நின்றுவிடும்.

"ரொம்பக் கஷ்டமாயிடும்க்கா."

"கஷ்டமாகட்டும். யாரு மிதிக்கலேன்னு ரெண்டு பேருக்கும் தெரியணும்."

இரண்டாம் முறை ஏறியதைப் பற்றி அந்த நாலு பேரும் இன்றுவரை அதிகம் பேசுவதில்லை. சிரிப்பு இல்லை, கூச்சல் இல்லை. வண்டி இரண்டு விதமாக மூச்சு விட்டது. ஒரு தரம் வெல்டர் முனகுவான், அடுத்து அக்கா முனகுவாள். நாலாம் கல்லிலேயே அவளுக்கு முழங்கால் சுட ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு கல்லிலும் நின்றார்கள். எட்டாம் கல்லில் உருளைக்கிழங்கு ஆறிக் கல்லாகியிருந்தது, உப்பில் தொட்டுக் கடித்து விழுங்கினார்கள். பன்னிரண்டாம் கல்லில் வாத்தியார் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "சட்டத்துல வாந்திக்குத் தடை இல்ல," என்றார்.

பதிமூன்றாம் வளைவைத் தாண்டும்போது அக்கா சாலையோரமாகக் காறித் துப்பினாள்.

பதினைந்தில் வெயில் போய்விட்டது. கன்னத்தால் எண்ண முடியவில்லை. ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. முதலில் தலைக்கவசத்தில் டக் டக்கென்று, அப்புறம் முதுகு முழுக்க. வேன்காரர் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஜன்னலை மட்டும் ஏற்றவில்லை. ஆலங்கட்டி அவர் மடியிலும் விழுந்தது.

பதினெட்டாம் கல்லைத் தாண்டியதும் வண்டி வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

"தம்பி! காலு எங்கடா?"

"அக்கா..." வெல்டரின் பல் கிட்டித்திருந்தது. "தொடை பிடிச்சுக்கிச்சு. ரெண்டு தடவை ஏறினதுல... முடியலக்கா. அழுத்த முடியல."

"இறங்கினா அடுத்து எங்கேருந்து ஏறணும்?"

"பதினெட்டு."

"அப்ப இறங்காதே. காலைச் சும்மா பெடல்ல வை. ஹேண்டிலை மட்டும் விட்டுடாதே. நான் பாத்துக்கறேன்."

"உங்க காலு படுக்கையா வர்றப்பதானே வலு? நெட்டுக்குத்து வர்ற இடத்துல நின்னுடும்க்கா."

"நிக்காம இழுக்கறேன். ஆலங்கட்டியில வாயைத் திறந்துக்கிட்டு இருக்காதே."

அவள் சீட்டை விட்டு எழுந்துவிட்டாள். இரட்டை வண்டியில் பின்னால் இருப்பவர் எழுந்து நின்று மிதிக்கக் கூடாது, வண்டி ஆடும். ஆடியது. சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய் வந்தது. வலு வரும் இடத்தில் முழு உடம்பையும் போட்டு அழுத்தி, அந்த வேகத்திலேயே வலு இல்லாத இடத்தைத் தாண்டி, மறுபடி அழுத்தினாள். பத்தொன்பது வருஷம் நீளத்துடுப்பை அடுப்புக்குள் தள்ளி இழுத்த தோள் அது, ஹேண்டிலைப் பிடித்து இழுத்தது. வெல்டர் நல்ல கனமான ஆள். பத்தொன்பதாம் கல் போயிற்று. அவள் கெட்ட வார்த்தை சொல்ல ஆரம்பித்தாள். மலையை, மேகத்தை, முதலாளியை, கிரீஸைக் கண்டுபிடித்தவனை. தபால்காரி பின்னாலிருந்து விட்டுப்போனவற்றை எடுத்துக் கொடுத்தாள்.

இருபதில் வெல்டருக்குத் தசை கொஞ்சம் விட்டது. "வந்துட்டேன்க்கா," என்று மறுபடி அழுத்தினான்.

"வா வா. இதுவரைக்கும் சுகமா வந்தே இல்ல?"

இருபத்தோராம் வளைவு. அப்புறம் வளைவில்லாத நீண்ட நேர் ஏற்றம். ஆலங்கட்டி ஓய்ந்து காற்று மட்டும் முகத்தில் அறைந்தது. அந்தக் காற்று திடீரென்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. பெடல் லேசானது. அவள் உடனே காலை நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. செயின் காலை இழுத்துக்கொண்டே போயிற்று. ஏமாற்று எதுவும் இல்லை, ஏற்றம்தான் முடிந்துவிட்டது.

"உச்சி," என்றான் வெல்டர். அவன் அழுதுகொண்டிருந்தான்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. உயரத்தை எழுதிய பலகை காற்றில் தடதடத்தது. நிழல் பக்கத்தில் பழைய பனி அழுக்காகக் குவிந்து கிடந்தது. வாத்தியார் சைக்கிளோடு சேர்ந்து தரையில் சாய்ந்துவிட்டார். தபால்காரி ஹேண்டிலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வேன் வந்து நின்றது.

ரொட்டியக்கா வண்டியை விட்டு இறங்கினாள். இரண்டு அடி நடந்தாள். மூன்றாவது அடியில் கால் கல்லில் இடறியது. முழங்கால் அந்த நேரத்தில் அவள் பேச்சைக் கேட்கும் நிலையில் இல்லை. குப்புற விழுந்தாள். உள்ளங்கை இரண்டும் சரளையில் தேய்ந்தன. முழங்காலில் ரத்தம் வந்தது.

வெல்டர் அசையவில்லை. தபால்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்று பேரும் வேனைப் பார்த்தார்கள். வேன்காரர் ஒரு காலைக் கீழே வைத்திருந்தார். திறந்த கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு இறுக்கி அவர் எந்தக் கண்ணாடியையும் பிடித்ததில்லை. முகம் வெளுத்துவிட்டது.

தரையில் கிடந்தபடியே அவள் கேட்டாள்.

"ஏங்க, விழுந்துட்டேன். பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வரலயே?"

"நீ கூப்பிடல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கையை ஊன்றி, முனகி, ஒரு காலை மடக்கி, மறு காலை நிறுத்தி எழுந்தாள். சரளையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "கூப்பிடல."